கயிற்றின் இரு முனைகள்

காரைக்கால் மாவட்டத்தில், வங்கக் கடலின் ஓரத்தே, கிளிஞ்சல்மேடு என்னும் மீனவர் ஊர் உள்ளது. விடியுமுன் கடலுக்குச் செல்வோர் கண்ணை மட்டும் நம்பிச் செல்வதில்லை. முகத்திற் படும் காற்றும், கரையில் மோதும் அலையின் ஓசையும் அவர்க்குப் பல செய்திகளை உணர்த்தும்.

பார்வையற்றோர் விளையாட்டுகளும் இவ்வாறே செவியையும் மெய்யையும் துணையாகக் கொண்டு எழுந்தவை. அவர்தம் கிரிக்கெட்டில் பந்தினுள் சிறு உருண்டைகள் இருக்கும். பந்து உருளும்பொழுது எழும் ஓசையைக் கேட்டே அடிப்பர். 2012-ஆம் ஆண்டு பெங்களூரில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணியே வென்றது. ஓட்டப் பந்தயத்திலோ, முற்றும் பார்வையற்றவருடன் பார்வையுள்ள துணைவர் ஒருவர் ஓடுவார். இருவர் கையையும் சிறு கயிறு ஒன்று இணைக்கும். துணைவர் அவரை இழுத்துச் செல்லுதல் கூடாது. எல்லைக்கோட்டை ஓட்டக்காரரே முதலிற் கடத்தல் வேண்டும்.

கிளிஞ்சல்மேட்டு மணற்கரையில் இத்தகைய இருவர் பழகுவதாகக் கொள்க. பயிற்சி முடிந்ததும் துணைவன் பீடி ஒன்றைப் பற்றவைத்து, மற்றொன்றை நீட்டுகின்றான். “ஒன்றுதானே, அண்ணே! களைப்புத் தீரும்” என்கின்றான். புகைப்பழக்கம் பகைவன் கையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் நண்பன் கையிலிருந்தே வருகின்றது. “பாவம், கண்ணில்லாதவர்க்கு இந்த இன்பமாவது இருக்கட்டுமே” என்று இரங்குவோரும் உளர். அவ்விரக்கம் அன்பு போலத் தோன்றினும் அன்பன்று.

களைப்புத் தீரும் என்பதும் மெய்யன்று. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகக் குருதியின் செம்பொருளைப் பற்றிக்கொள்ளும். தசைகளுக்குச் சேர வேண்டிய பிராணவாயு குறையும். ஓடுபவன் விரைவில் இளைப்பான். மோப்ப உணர்வும் மழுங்கும். சிறிதளவு பார்வை எஞ்சியவர்க்கு இழப்பு இன்னும் பெரிது. கண்புரையும், விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோயும் புகைப்போரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன.

2016-ஆம் ஆண்டு முதல், நம் நாட்டில் புகையிலைப் பொருள்களின் உறைகளில் 100-க்கு 85 பங்கு இடம் எச்சரிக்கைப் படத்திற்கும் எழுத்திற்கும் உரியதாயிற்று. கண்ணுடையார்க்கு அது பயன்படும். காணாதவர் விரலுக்கோ அவ்வுறை வெறுந்தாளே. அவ்வெச்சரிக்கை அவரைச் சேர வேண்டுமாயின், ஒருவர் வாய்திறந்து படித்துச் சொல்லுதல் வேண்டும். அதனைச் சொல்ல வேண்டியவனே பீடியை நீட்டினால், பிறகு சொல்வார் யார்?

ஓட்டக்காரன் அந்தப் பீடியை வாங்காமல், “தம்பி, நாளை நீ இளைத்து நின்றால் நானும் நிற்க வேண்டும். உன் மூச்சும் என்னுடையதுதான்” என்கின்றான். துணைவன் தன் கையிலிருந்ததை ஈரமணலில் அழுத்தி அணைக்கின்றான்.

துணை என்பது வழிகாட்டுவது மட்டுமன்று. உடன் ஓடுபவனுக்காகத் தன்னைக் காத்துக்கொள்வதும் ஆகும். கயிற்றின் இரு முனைகளிலும் மூச்சு வலிமையாக இருந்தால்தான் ஓட்டம் நிறைவுறும்.