மழைக்குப் பேர் இல்லை

வாப்பா கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றின் அடிவாரத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தார். மலையில் எத்தனை நாள் மழை என்பதைக் கடன் கொப்பியே சொல்லிவிடும். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையேல் அன்றைய பேரும் இல்லை. அடைமழைக் காலத்தில் அரிசியும் மாவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது நாடே அறிந்த செய்தி. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடியது. அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இப்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. நல்ல காரியம். சிவப்பென்றால் வெளியேற வேண்டும். பாடசாலை மண்டபத்தில் சில இரவுகள் படுக்கலாம், பிறகு? லயம் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது.

"மழ விட்டா வெட்டு இருக்கு நானா, பேர விட ஏலாது" என்று சொல்லி, சுவர் வெடித்த காம்பராவுக்கே திரும்பிப் போனாள் ஒரு தாய். அந்த லயத்தில் மழை இரவுகளில் முறைவைத்து ஒருவர் விழித்திருக்கிறார். பீலித் தண்ணீர் கலங்கி வந்தால் தகரத்தைத் தட்டுவார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோயிலடிக்கு ஓடுவார்கள்.