உரிக்காத கை

பிறந்த பிள்ளை கைக்கு வந்ததும் தாதி செய்கிற வேலையெல்லாம் தேய்ப்பதும் கட்டுவதும் ஒட்டுவதும்தான். துவாயால் முதுகைத் தேய்த்து அழ வைக்கிறோம். தொப்புள்கொடிக்குக் கிளிப் போடுகிறோம். கையில் பெயர்ப்பட்டி கட்டுகிறோம். சேலைன் ஊசியை ப்ளாஸ்டரால் இழுத்து ஒட்டுகிறோம். இதெல்லாம் கையில் ஊறிப்போன பிறகு, இதில் ஒன்றைக்கூடச் செய்யக்கூடாத பிள்ளை ஒன்று வரும். பிறவித் தோல் கோளாறோடு வரும் அப்படிப்பட்ட பிள்ளைகள் மிக அரிது. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதும் இல்லை. மாவனல்லைப் பக்கம் பேபி ரூமில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு அதுதான் சிரமம். பழகிக்கொள்ள அவகாசம் கிடையாது, முதல் அரை மணி நேரத்திலேயே சரியாகச் செய்தாக வேண்டும்.

கொலோடியன் பேபி என்று டொக்டர்மார் சொல்லும் பிள்ளைக்கு உடம்பு முழுக்க மினுமினுப்பான, இறுக்கமான ஒரு சவ்வு இருக்கும். அது இழுக்கிற இழுப்பில் கண்ணிமை வெளிப்பக்கம் பிதுங்கிச் சிவந்து நிற்கும், உதடு மூடாது. கேகாலைத் தோட்டங்களில் இறப்பர் பால் வெட்டும் தாய்மாருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கையில் பட்டுக் காய்ந்த பால் மாதிரி என்றால் போதும். ஆனால் அப்படிச் சொல்வதிலேயே ஆபத்தும் இருக்கிறது. காய்ந்த பாலைக் கண்டால் அவர்கள் விரல் தானாக உரிக்கப் போகும். தாயின் விரல் மட்டுமா? விளிம்பு தூக்கி நிற்கும் சவ்வைப் பார்த்தால் புதிதாக வந்த தாதியின் விரலும் சும்மா இருக்காது. அது இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தானாக வெடித்து உதிரும். அவசரப்பட்டு உரித்தால் அடியில் பச்சைப் புண்தான்.

பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் அந்தச் சவ்வு உடம்புத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக இரத்தத்தில் உப்பு ஏறும், வலிப்பு வரலாம். ஆகவே இன்கியூபேட்டருக்குள் ஈரப்பதத்தை 60 முதல் 80 சதவீதம் வரை வைத்து, நாளுக்கு நாள் மெல்லக் குறைக்கிறோம். ஈரம் அதிக நாள் நீடித்தால் கிருமிக்கும் பூஞ்சணத்துக்கும் அதுவே வீடாகிவிடும். மூடாத கண்ணுக்கு இரவும் பகலும் சொட்டு மருந்து போட வேண்டும். விரல்களைச் சுற்றிச் சவ்வு வளையமாக இறுகி, நுனி கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களின் செதில் தோலுக்குப் போடும் சலிசிலிக் அமிலக் களிம்பை இந்தப் பிள்ளைக்குப் பூசினால் அது இரத்தத்தில் இறங்கி விஷமாகும். என்னைக் கேட்டால் வெள்ளை வாசலினுக்கு மிஞ்சியது இல்லை. மலிவாகக் கிடைப்பதால் அதை யாரும் மருந்தாக மதிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த வகையில் மிகக் கடுமையானது ஹார்லெக்வின். 1750இல் அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரப் போதகர் ஒலிவர் ஹார்ட் அப்படியொரு பிள்ளையைப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். காரணமான மரபணு 2005இல்தான் பிடிபட்டது. ஒரு காலத்தில் சில நாளே இருந்த இந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று வளர்ந்து பெரியவர்களாகி இருக்கிறார்கள்.

கொப்புளத் தோல் பிள்ளையின் கதை வேறு. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்பது அதன் பெயர், நாங்கள் ஈ.பி. என்போம். தோலின் அடுக்குகளைப் பிடித்து வைக்கும் புரதம் பழுதாகி இருப்பதால், உரசினால் போதும், தோல் கழன்று வந்துவிடும். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. மெத்தென்ற விரிப்போடு சேர்த்து, தலைக்கும் இடுப்புக்கும் அடியில் கை விட்டு ஏந்த வேண்டும். கிளிப்பை எடுத்துவிட்டுத் தொப்புளை நூலால் கட்டுகிறோம். பெயர்ப்பட்டி கையில் இல்லை, கட்டிலில். சட்டையைத் தையல் வெளியே தெரியப் புரட்டிப் போடுகிறோம். நெப்பியின் இலாஸ்டிக்கை வெட்டி எடுக்கிறோம். பி.சி.ஜி. போட்ட பிறகு அந்த இடத்தைத் தேய்ப்பதில்லை. கொப்புளம் தானாக நிற்காமல் பரவிக்கொண்டே போகும் என்பதால், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிடுகிறோம். உரிக்கத் தோன்றும் கையை இங்கும் அடக்கத்தான் வேண்டும்.

புண்ணின் மேல் கட்ட ஒட்டாத சிலிக்கோன் பஞ்சணைதான் மிக நல்லது, ஆனால் விலை பயங்கரம். இல்லாத நாளில் வாசலின் தடவிய வலைத்துணி. இந்திய வார்டுகளில் வாழையிலையும் உண்டு. தீக்காயத்துக்கு வாழையிலை கட்டி, வாசலின் துணியோடு ஒப்பிட்ட மும்பை ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. கட்டைப் பிரிக்கும்போது வலி குறைவு என்றது அது. இதைப் படித்துவிட்டு வளவில் வெட்டிய இலையை அப்படியே போர்த்திவிடக் கூடாது, நீராவியில் கிருமி நீக்கியாக வேண்டும்.

வாட்டுக்குள் எங்கள் கையை அடக்குவது பெரிய காரியமில்லை. வீட்டில் பாட்டிமாரின் கையை யார் அடக்குவது? ஏழாம் நாள் முடி இறக்க வேண்டும் என்பார் உம்மம்மா. தோட்டத்து அம்மாயிக்கு முப்பத்தோராம் நாள் அரைஞாண் கயிறும் கறுப்பு வளையலும் வேண்டும். இரண்டுமே ஈ.பி. பிள்ளைக்குப் புண். “நூறு பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டினவ நான், எனக்கா மிஸ் சொல்லித்தர்றீங்க?” என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கட்டுப் போடும்போது அவர்களையே பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். ஒருமுறை பார்த்தால் போதும், அடுத்த நாள் வந்து மற்றவர்களை அதட்டுவது அந்தப் பாட்டிதான். முடியையும் கயிற்றையும் பற்றி நான் முடிவு சொல்வதில்லை. மௌலவியிடமோ பூசாரியிடமோ கேட்டுவரச் சொல்வேன்.

அதைவிடக் கடினமானது அடுத்த பிள்ளை பற்றிய கேள்வி. சொந்தத்தில் கட்டினீர்களா என்று டொக்டர் கேட்ட மறுநொடி, மாமியார் மருமகளைப் பார்ப்பார். கொலோடியன் பிள்ளைகளிலும் கடுமையான ஈ.பி. பிள்ளைகளிலும் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான மரபணு வந்திருக்கும். உறவே இல்லாத தம்பதிக்கும் இது வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், “இந்தப் பிள்ளைக்கு வந்துட்டுது, இனி மூணு பிள்ளைக்கு வராது” என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருவுளச் சீட்டு எடுப்பதுதான் என்று, தகப்பனையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஈ.பி. புண்ணுக்கென வெளிநாட்டில் 2023இல் அனுமதி பெற்ற மரபணு ஜெல் பற்றி ஃபோனில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்களும் உண்டு. அது எப்போது இங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மேல் சிகிச்சைக்குக் கடுகண்ணாவ ஏறிப் பேராதனைக்கு அனுப்பினாலும், தோட்டத்துக்குத் திரும்பினாலும், பிள்ளை புதுக் கைகளுக்குத்தான் போகிறது. தாய் வேலைக்குப் போனால் பிள்ளைக் காம்பராவில் வேறொருவர் தூக்குவார், டிஸ்பென்சரியில் வேறொருவர் ஊசி போடுவார். ஆகவே கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சிங்களத்திலும் தமிழிலும் கொட்டையாக எழுதி அனுப்புகிறேன்: ப்ளாஸ்டர் ஒட்ட வேண்டாம், தேய்க்க வேண்டாம், உரிக்க வேண்டாம், எப்படித் தூக்குவது என்று தாயிடம் கேளுங்கள்.