தண்ணி சில்லுனு இருக்கு, தாத்தா!

டிரெய்லர் என்றால் எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, சினிமாவுக்கு முன்னால் வருவது. இன்னொன்று, லாரிக்குப் பின்னால் வருவது. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று சொல்லிக்கொடுத்தவன் என் பேரன். வயது பதினைந்து. இருப்பது அமெரிக்காவில், டல்லாஸ் பக்கம்.

2024 ஜனவரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு மகள் மட்டும் வந்துவிட்டுப் போனாள். பரீட்சை என்று பேரன் வரவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம். போய் இறங்கிய நாளிலிருந்து அவனைத் துளைக்க ஆரம்பித்தேன். ‘பாட்டி நெனைப்பு வருதா? பாட்டி போட்டோ வெச்சிருக்கியா? ஏம்ப்பா வரலை?’

எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ‘ம்.’ அதுவும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்!

‘அவனைக் கொஞ்சம் விடுங்களேம்ப்பா’ என்றாள் மகள். விட்டுவிட்டால் அப்புறம் என்ன தாத்தா?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மீன் பிடிக்கப் போகலாம் என்றார் மாப்பிள்ளை. டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர டிரைவில் லேக் ஃபோர்க் என்று ஒரு ஏரி. அங்கே ‘பாஸ்’ மீன் பிரசித்தம். பெரிய வாய், பச்சை உடம்பு. பேரனுக்கு அதில் பைத்தியம். பதினேழு வயதுக்குக் கீழே என்பதால் அவனுக்கு லைசென்ஸ் வேண்டாம். எனக்கு ஒரு நாள் லைசென்ஸ் எடுத்தார்கள்.

ஏரிக்கரைக் கடையில் நுழைந்தால், ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். நம்மூர்ப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் தொங்குமே, அது மாதிரி. உள்ளே ரப்பர் போலக் கொழகொழவென்று புழு, நண்டு, தவளை. இவைதான் டிரெய்லர்.

விஷயம் இதுதான். ‘ஜிக்’ என்பது ஒரு ஈயக் குண்டு. அதோடு சேர்ந்த தூண்டில் முள். முள்ளை மூடி ஒரு சிலிக்கான் குஞ்சம். அதன் வாலில் இந்த பிளாஸ்டிக்கைக் கோத்துவிட்டால், ஏரியின் அடியில் ஊரும் கிரேஃபிஷ் மாதிரி இருக்கும். கிரேஃபிஷ் என்றால் சிங்கி இறாலின் ஏழைத் தம்பி. பாஸுக்கு அது அல்வா.

நான் சிவப்பாக, இரண்டு பெரிய கொடுக்கு வைத்த ஒன்றை எடுத்தேன். அசைத்தால் படபடவென்று அடித்தது.

‘அது சம்மருக்கு. இப்ப தண்ணி சில்லுனு இருக்கு, தாத்தா!’

மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். கடைப் பலகையில் ஏரித் தண்ணீர் 50 டிகிரி என்று எழுதியிருந்தது. நம் கணக்கில் 10.

அப்புறம் மடை திறந்தான். மீனுக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும். ஜீரணம் மந்தமாகும். துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் படபடவென்று ஆடுகிற டிரெய்லரைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. கிரேஃபிஷும் குளிரில் சோம்பேறிதான். அதனால் அதிகம் ஆடாத, கட்டையான ‘சங்க்’ போதும். கோடையில்தான் கொடுக்கு, ஆட்டம் எல்லாம். டிரெய்லர் பெரிதானால் ஜிக் மெதுவாக இறங்கும், சிறிதானால் விறுவிறுவென்று அடிக்குப் போய்விடும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும்.

‘மீனுக்கு என்ன வேணும்னு பாக்கணும் தாத்தா, நமக்கு எது பிடிக்குதுன்னு இல்ல’ என்றான்.

இந்த ஏரியில்தான் 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் என்பவர் 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ பாஸ் பிடித்து டெக்ஸாஸ் ரெக்கார்டு வைத்தார். அதில் தமாஷ், அவர் பாஸுக்காகவே வரவில்லை. க்ராப்பி என்ற சின்ன மீனுக்காகக் குட்டி மீனை இரை வைத்திருந்தார். இதையும் பேரன்தான் சொன்னான்.

தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். சின்ன வயதில் தாமிரபரணியில் மண்புழு கோத்து நானும் மிதப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜிக்குக்கு மிதப்பே இல்லை. நூலில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மீன் வாயைத் திறந்து உறிஞ்சும்போது விரலில் ‘டிக்’ என்று ஒரு தட்டல். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை காபி வாங்கப் போயிருந்தார். மரப்பாலத்தில் நாங்கள் இரண்டு பேர். காற்று ஊசியாகக் குத்தியது. கேட்க வாய் வரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு நூலையே பார்த்தேன். அரை மணி நேரம் போயிருக்கும்.

‘தாத்தா... கடைசியில பாட்டி என்னைக் கேட்டாங்களா?’

‘கேட்டாள்’ என்று சொல்லிவிடலாம்தான். மனசு வரவில்லை.

‘கடைசி நாலு நாள் பேச்சு இல்லப்பா. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை உங்கிட்ட பேசினாளே, அதான்.’

அவன் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னான். ‘அன்னிக்கு நான் கேம் ஆடிட்டிருந்தேன். ரெண்டே நிமிஷத்துல வெச்சுட்டேன். பரீட்சை இல்ல தாத்தா... அதான் வரலை.’

ஒரு வருடமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறான் பிள்ளை. நானோ தினமும் அதன் மேலேயே கொடுக்கை ஆட்டியிருக்கிறேன். பத்து ஆறுதல் சொல்லத் தோன்றியது. ஒன்றே ஒன்று சொன்னேன்.

‘அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் அன்னிக்குப் பூரா சொல்லிக்கிட்டிருந்தா.’

அவன் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தேன்.

மத்தியானம் அவனுக்கு ஒரு மீன் கிடைத்தது. 17 அங்குலம். அந்த ஏரியில் 16-லிருந்து 24 அங்குலத்துக்குள் இருந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று சட்டம். இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரில் இறக்கி, அது தானாக நீந்திப் போகும் வரை காத்திருந்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே போன் பண்ணுகிறான். நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

‘தண்ணி எத்தனை டிகிரிப்பா?’

மிச்சத்தை அவன் சொல்கிறான்.