இறங்கி வந்த நீர்

கப்பல் கடலில் மிதக்கும். மலை ஏறாது என்பதே நாம் அறிந்தது. ஆயினும், மலை ஏறும் சிறு கப்பல் ஒன்றில் ஒரு நாள் முழுதும் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில் உள்ள பானவி என்னும் சிற்றூரில் காலையில் புறப்பட்டோம். பயணிகள் ஐம்பது பேருக்கும் குறைவு. பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ், 1,345 மீட்டர் உயரத்தில், முகிலைப் போர்த்தி நின்றது.

நாங்கள் சென்ற வழி கலிடோனியன் கால்வாய். நாட்டின் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைக்கும் இதன் நீளம் ஏறத்தாழ 97 கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கே மனிதர் வெட்டியது. ஏனையவை மலைகளுக்கிடையே இறைவன் விரித்து வைத்த ஏரிகள். தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியாளர் 1803-இல் தொடங்கிய பணி, 1822-இல்தான் நிறைவுற்றது.

பானவியில் எட்டுப் படிகள் உள்ளன. ஒவ்வொரு படியும் முன்னும் பின்னும் கதவுகளுடைய ஒரு கல் தொட்டி. ‘லாக்’ என்பது அதன் பெயர். கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடப்படுகிறது. முன்கதவோ இன்னும் திறக்கவில்லை. இருபுறமும் ஈரம் கசியும் கற்சுவர். அந்நேரத்தில் கப்பல் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பின்னர் மேல்தொட்டியின் மதகு திறக்க, நீர் கீழே பாய்கிறது. கப்பல் அங்குலம் அங்குலமாக உயர்கிறது. ஒன்றரை மணி நேரம் போல ஆயிற்று, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தை ஏறி முடிக்க.

கவிழ்ந்து கிடந்த என் எண்ணத்தை ஓர் உண்மை நிமிர்த்தியது. கப்பல் தன் ஆற்றலால் ஏறவில்லை. மேலே இருந்த நீர் தன் உயரத்தை இழந்து இறங்கி வந்தது. அதனாலேயே கீழே இருந்த கப்பல் உயர்ந்தது. ஒவ்வொரு கப்பலையும் ஏற்றிவிட, மேல் ஏரி ஒரு தொட்டி நீரை இழக்கிறது. விண்ணக மகிமையைத் துறந்து நம்மிடையே இறங்கி வந்தவரை எண்ணிக்கொண்டேன். நாம் ஏறியதாகச் சொல்லிக்கொள்ளும் படிகளில் எல்லாம் அவர் இறங்கிய தடம் இருக்கிறது.

லாகி ஏரியைக் கடந்து, ஆய்க் ஏரியை அடைந்தோம். இதுவே கால்வாயின் உச்சி. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 32 மீட்டர். கரையில் கிளென்கேரி தலைவர்களின் கோட்டை இடிபாடாய் நிற்கிறது. இப்பகுதி மக்கள் பலர் கத்தோலிக்கர். செம்மறியாடு வளர்ப்பில் வருவாய் மிகுதி எனக் கண்ட நிலக்கிழார்கள், குடிகளை நிலத்தினின்று அகற்றினர். வேலை தந்து மக்களை மண்ணிலேயே நிறுத்துவதும் இக்கால்வாயின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் வேலை தொடங்கிய மறு ஆண்டிலேயே, 1804-இல், கிளென்கேரி மக்கள் பெருந்தொகையாகக் கனடாவுக்குக் கப்பலேறினர்.

அவர்களுக்குத் துணை நின்றவர் அலெக்சாண்டர் மக்டொனெல் என்னும் குருவானவர். நிலமிழந்தோருக்குக் கிளாஸ்கோ ஆலைகளில் வேலை தேடித் தந்தவர். அவர்கள் படையில் சேர்ந்தபோது ஆன்மகுருவாக உடன் சென்றவர். இறுதியில் கடலும் கடந்தார். 1826-இல் கிங்ஸ்டன் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். ஆடுகளுக்காக மனிதரை விரட்டிய நாட்டில், மனிதருக்காக வீட்டைத் துறந்த மேய்ப்பர் ஒருவர் இருந்தார்!

ஃபோர்ட் அகஸ்டஸில் ஐந்து படிகள் இறங்கினால் நெஸ் ஏரி. கரையோரம் ஒரு பெரிய கட்டடம். மேட்டுநில மக்களை அடக்கக் கட்டிய கோட்டை அங்கே இருந்தது. 1876-இல் அவ்விடம் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியருக்குக் கிடைத்தது. படைக்கலம் இருந்த இடத்தில் திருப்புகழ் ஒலித்தது. 1998-இல் மடம் மூடப்பட்டது. இன்று அது குடியிருப்பு. மடத்துப் பள்ளியில் பட்ட கொடுமைகளை முன்னாள் மாணவர் சிலர் 2013-இல் உலகறியக் கூறினர். துறவியர் சபை மன்னிப்புக் கேட்டது. இதை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமல் விடுவதும் நேர்மையன்று. இறங்கி வருவதற்காகத் தரப்பட்ட உயரத்தைக் கொண்டு சிறியோரை நசுக்கினால், திருச்சுவர்களும் அதற்குத் துணை நில்லா.

பெற்றோர், ஆசிரியர், குருக்கள், பங்குப் பொறுப்பாளர் என நம்மில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் உயரம் உண்டு. அது தேக்கி வைப்பதற்கன்று. கீழே, மூடிய கதவுகளுக்கிடையே, எவரேனும் காத்திருப்பர். நம் மதகு திறக்கட்டும். வெள்ளமாய்ப் பாய்ந்து அவரை மூழ்கடிக்காமல், மெல்ல உயர்த்தும் நீராய் நாம் இறங்குவோம்.