வயலா, கடலா?

ஆட்டோகேடில் புதிதாக வரைய வருபவர்களுக்கு ஹேட்ச் என்றால் அலங்காரம் மாதிரிதான். செங்கலுக்குச் சாய்கோடு, கான்கிரீட்டுக்குப் புள்ளியும் முக்கோணமும் என்று பட்டியலில் இருப்பதைத் தட்டினால் வேலை முடிந்தது. சென்னையில் கட்டட வரைபடம் போட்டவரை எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. அந்தமான் வந்த பிறகு தேவைப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று இங்கே சுனாமி வந்தது எல்லோருக்கும் தெரியும். நிலமே இறங்கிப்போனது பலருக்குத் தெரியாது. தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போனது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) பக்கம் சுமார் 1 மீட்டர். வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோ நேர்மாறாக மேலே எழும்பியது.

ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். கடலோர வயலுக்கு அதுவே போதும். ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில் நெல் விளைந்த நிலத்தில் உப்புத்தண்ணீர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

சில வருடங்கள் கழித்து, அதேபோல ஒரு தாழ்வான பகுதிக்கு வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. ஹேட்ச் போட மூடிய எல்லை வேண்டும். ஓதம் ஏறினால் ஒரு கரை, இறங்கினால் இன்னொரு கரை. எதை மூடுவது? அதைவிடப் பெரிய கேள்வி, உள்ளே எதை நிரப்புவது? தண்ணீர் என்று போடச் சொன்னார்கள். சதுப்பு என்று ஒரு பேட்டர்னும் தயாராக இருக்கிறது.

அளவெடுக்கப் போன இடத்தில் நிலத்துக்காரர் ஒருவர் கூடவே நடந்தார். வயது எழுபதுக்கு மேல். மடிக்கணினியை எட்டிப் பார்த்து இந்தியில் கேட்டார்: "பேட்டா, என் வயல் எங்கே?" காட்டினேன். "தண்ணீர் கோடு போட்டுவிட்டால் நாளைக்கு இங்கே வயல் இருந்தது என்று யார் நம்புவார்கள்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு நோட்பேடில் இரண்டு வரி எழுதினேன்.

0, 0,0, 0,5
90, 0,0, 5,10, 2,-8

முதல் எண் கோணம். அடுத்த இரண்டும் தொடங்கும் புள்ளி. அதற்கடுத்த இரண்டில் முன்னது கோட்டின் போக்கிலேயே நகர்வது, பின்னது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. கடைசியில் 2 என்றால் கோடு, மைனஸ் 8 என்றால் வெற்றிடம். முதல் வரி தண்ணீர். இரண்டாவது, அதன்மேல் மாற்றி மாற்றி நிற்கும் நெற்தாள். மேலே நட்சத்திரக் குறியோடு பேட்டர்னின் பெயர். கோப்புக்கும் அதே பெயர்தான் இருக்க வேண்டும். கடைசி வரிக்குப் பிறகு ஒரு எண்டர் தட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த வரியைப் படிக்காது :-)

எல்லைக்குப் பழைய வரப்பையே எடுத்துக்கொண்டேன். குறிப்புப் பட்டியலில் "உவர்நீர் ஏறிய நெல்வயல்" என்று சேர்த்தேன். மேலதிகாரி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

அந்தத் தாளால் பெரியவருக்கு நிலம் திரும்பக் கிடைக்காது. வயல் இருந்ததற்கு ஒரு சாட்சி இருக்கும், அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத நிலம் உங்கள் கைக்கும் வரலாம். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று எதையாவது நிரப்புவதற்கு முன்னால், அங்கே உழுதவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.