பரிகாரமும் வேண்டா, தலைவிதியும் வேண்டா!

"காற்று கெடுகிறது, காடு குறைகிறது, மலை சரிகிறது என்று எழுதுகிறீர்கள், பிறகு நீங்களே மோட்டாரில் ஏறி உதகைக்குப் போகிறீர்கள். இது முறையா?" என்று கேட்கிறார் ஒரு தோழர். "உங்கள் ஒருவர் கார் நின்றுவிட்டால் உலகின் வெப்பம் தணிந்துவிடுமா? கவலையை விட்டு ஓட்டுங்கள்!" என்று தட்டிக்கொடுக்கிறார் இன்னொரு தோழர். முன்னவர் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். பின்னவர் விசாரணையே இன்றி விடுதலை செய்கிறார். இருவர் தீர்ப்பையும் நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் கூறிவிடுவோம். பயணம் நமக்குப் பிடிக்கும். மோட்டார் ஓட்டுவது இன்னும் பிடிக்கும். மேட்டுப்பாளையத்தைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் நிழல் முடிந்து, சாலை வளைந்து வளைந்து மேலேறும்போது, சமவெளியின் வெக்கை விலகிக் குளிர்காற்று முகத்தில் படுகிறதே, அந்த இன்பத்திற்கு ஈடாக நாம் கருதுவன மிகச் சிலவே. அதனை இழிவென்று கூற நாம் ஆயத்தமாக இல்லை. இன்பத்தையே பாவமென்று பழித்து, உடலை வாட்டுவதே உயர்வென்று ஓதியவர்களோடு நமக்கு என்ன உறவு?

சாலையும் நமக்குச் சும்மா கிடைத்ததன்று. 1924-ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. பெரியார் சிறை சென்றது அந்தத் தெருவுக்காகத்தான். நேற்றுத் தெருவில் கால் வைத்தவனைப் பார்த்து, இன்று "ஊர் சுற்றாதே, உலகு கெடும்" என்று உபதேசிக்க நா கூசாதா?

ஆயினும், உரிமை என்பதாலேயே கணக்குப் பார்க்கவேண்டா என்று ஆகிவிடுமா? ஆகாது! பகுத்தறிவாளன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, கணக்குப் பார்க்கிறான். பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். அது எரிந்து வெளிப்படும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ! மாயமா, மந்திரமா? இரண்டுமில்லை. பெட்ரோலில் உள்ள கரியணு ஒவ்வொன்றும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு உயிர்வளி அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது, எடை கூடுகிறது. சென்னையிலிருந்து உதகைக்குப் போய்வர ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் 73 லிட்டர் வேண்டும். வாயு 170 கிலோ அளவு. ஒருவரே சென்றால் அத்தனையும் அவர் கணக்கு. நால்வர் சென்றால் தலைக்கு 42 கிலோ. லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 40 பேர் சென்றாலோ, தலைக்கு 15 கிலோதான். ஊர் அதே ஊர், மலை அதே மலை, குளிர்காற்றும் அதேதான். கணக்கு மட்டும் பத்து மடங்குக்கு மேல் மாறுகிறது!

வெளிவிட்ட வாயு எங்கே போகிறது? 1958-ல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 315 பங்கு அளவில் இருந்தது. 2024-ல் அது 420-ஐத் தாண்டி நின்றது. அந்த வெப்பத்தைச் சுமப்பவர் யார்? காரில் குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டு அமர்ந்திருப்பவர் அல்லர். தகரக் கூரையின்கீழ் உறங்குபவர். வெயிலில் சாலை போடுபவர். பருவம் தப்பிய மழையில் பயிரைப் பறிகொடுப்பவர். கார் வாங்காதவர், காருக்கு வட்டி கட்டுகிறார்! அநீதி இங்கேதான் இருக்கிறது. நம் இன்பத்தில் அன்று.

இந்த அநீதியைக் கண்டு மனம் உறுத்துவோருக்கென்று ஒரு கடை திறந்திருக்கிறார்கள். 'கார்பன் ஈடு' என்பது அதன் பெயர். பணத்தைச் செலுத்துங்கள், எங்கோ மரம் நடுகிறோம், உங்கள் புகை கழிந்தது என்கிறார்கள். தோழர்களே, இந்தக் குரலை நாம் முன்பே கேட்டதில்லையா? காசை உண்டியலில் போட்டால் பாவம் கரையும் என்ற அதே குரல்! மரம் நடுவது நல்லதே, நடுவோம். ஆனால் புகை இன்று போகிறது. மரமோ பல ஆண்டுகள் வளர வேண்டும், இடையில் வெட்டப்படாமலும் எரியாமலும் நிற்க வேண்டும். இது பரிகாரம். "ஒருவரால் என்ன ஆகும்?" என்று தட்டிக்கொடுத்தாரே, அது தலைவிதி. இரண்டு பழைய சரக்குகளும் புதுச் சட்டை போட்டு வந்திருக்கின்றன, அவ்வளவே.

நாம் செய்வது என்ன? நெடுந்தொலைவுக்கு ரயில். இரவில் சென்னையில் ஏறினால் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடுகிறது. மேலே செல்லப் பேருந்து உண்டு. 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய பற்சக்கர மலை ரயிலும் உண்டு. மோட்டார் ஓட்டும் ஆசையை ஆண்டுக்கு ஒரு முறை, காலி இருக்கை ஒன்றும் இல்லாமல் தீர்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு முறையும் நிறைவாக, நாணமின்றி!

வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தால் வரவேற்கிறோம். 2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. முணுமுணுத்தவர் பலர். ஆனால் அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் அந்த வரம்பு இல்லை என்பதைக் கவனித்தவர் சிலரே. மலையின் கதவு மனிதனுக்கு மூடப்படவில்லை. இரும்புக் கூட்டத்துக்குத்தான் அளவு வைக்கப்பட்டது.

எனவே, இளைஞர்காள், காரில் செல்பவரைக் கண்டு கல்லெறிவது நம் வேலையன்று. பேருந்து இல்லாத ஊருக்குப் பேருந்து கேளுங்கள். நிற்க இடமில்லாத ரயிலுக்குப் பெட்டி கேளுங்கள். துறவியாகச் சொல்லி எவரையும் மாற்ற இயலாது. நல்ல பேருந்து நேரத்துக்கு வந்தால், சொல்லாமலே மாறுவர். காரில்லாதவனும் மலையின் குளிரைக் காண வேண்டும். அவன் குடிசையும் வெந்துபோகாமல் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே பகுத்தறிவு!