ஏரியும் ஒரு கவுலும்

ஊர் பார்க்கப் புறப்படுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. பெயர் பெற்ற இடத்தை முன்னரே மனத்தில் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட ஊர்களையெல்லாம் வண்டிச் சன்னல் வழியே கழித்துவிடுவர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுராந்தகம், அவ்வாறு கழிக்கப்படும் ஊர்களுள் ஒன்று. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணப் பல நாட்டாரும் வருகின்றனர். அதே மாவட்டத்து மதுராந்தகத்தில் இறங்குவோரோ, பெரும்பாலும் அங்கே அலுவல் உள்ளவர்களே.

மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தபோது, அவனை நான் அழைத்துச் சென்றது அந்த ஊருக்குத்தான். எழும்பூரில் இரயிலேறினோம். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, நன்னா?" என்று கேட்டான். "ஓர் ஏரி இருக்கிறது" என்றேன். பிள்ளையின் முகம் சற்றே வாடிற்று.

மதுராந்தகன் என்பது சோழ வேந்தர் தாங்கிய பெயர். உத்தம சோழனுக்கும் அது உரியது. அப்பெயரைச் சுமக்கும் இவ்வூரின் ஏரி, செங்கற்பட்டு வட்டாரத்தின் பேரேரிகளுள் ஒன்று. மழை கைகொடுத்த ஆண்டில் காலை வெயில் ஏறுமுன் கரைமேல் நடந்து பாருங்கள். ஒரு புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் நீர். மறு புறம் அந்நீரையே நம்பிய வயல்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பது மண்ணாலான ஒரு கரை. அது உடைந்தால் விளைச்சல் இல்லை. வெள்ளத்தில் ஊரும் தப்பாது. இந்த அச்சத்தை உணர்ந்த பின்னரே அவ்வூரின் கதைகள் விளங்கும்.

கரையை அடுத்து ஏரி காத்த ராமர் கோயில் உள்ளது. வைணவ ஆசாரியர் இராமானுசர், பெரிய நம்பியிடம் உபதேசம் பெற்ற தலமும் இதுவே. கோயில் வாயிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் என் பேரனை அருகே அழைத்து, "அந்த மழை ராத்திரியிலே கரைமேலே நின்னது யாருன்னு நினைக்கிறே, தம்பி?" என்று தொடங்கிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர் இங்கே கலெக்டராக இருந்தார். கரை அடிக்கடி உடைந்துவந்த காலம் அது. பெருமழை இரவொன்றில் அவர் கரையைப் பார்வையிடச் சென்றபோது, வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் அங்கே காவல் நிற்கக் கண்டார் என்பது ஐதீகம். கரை உடையவில்லை. வாக்களித்தபடியே அவர் தாயார் சன்னிதியைக் கட்டிமுடித்தார். அத்தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டருடையது என அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

ஜாகீர் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, 1763ஆம் ஆண்டில் கும்பினிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த நிலப்பகுதியே இது. நவாப் தந்த நிலத்தில், சோழர் பெயர் தாங்கிய ஊரில், ஆங்கிலேயர் கட்டிய சன்னிதி! யாருடைய ஆட்சியாயினும், அந்த மண்கரை நிற்கவேண்டும் என்பதே உழவனின் கவலையாக இருந்தது.

பிற்பகலில் ஊரிலிருந்து வேடந்தாங்கலுக்குச் செல்லுங்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். பெயரிலே வேடன் இருக்கிறான். ஆயினும் அவ்வூரார் வேட்டையைத் தடுத்தவர்கள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் எனப் பலவகைப் புட்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரிநீருக்கு உரமாகின்றது. அந்நீர் பாயும் வயலில் நெல் செழிக்கின்றது. இதை அறிந்திருந்த மக்கள், சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அதே பிளேஸிடம் சென்று முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் ஒரு கவுல் பெற்றனர். கவுல் என்பது 'சொல்' எனப் பொருள்படும் அரபு மூலத்திலிருந்து வந்தது. ஆட்சியாளன் குடிகளுக்குக் கொடுக்கும் எழுத்துமூலமான வாக்கே கவுல்.

மாலை ஐந்து மணிக்குக் காவற்கோபுரத்தின் மேல் நின்றோம். இரை தேடிச் சென்ற பறவைகள் திசைதோறுமிருந்து அணியணியாகத் திரும்பத் தொடங்கின. முகம் வாடிய பிள்ளை எண்ணத் தொடங்கி, முந்நூறுக்கு மேல் எண்ண இயலாமல் விட்டுவிட்டான்.

ஒருமுறை வாங்கிய வாக்கு என்றென்றைக்கும் போதாது என்பதையும் அவ்வூர் நமக்குச் சொல்கின்றது. 1858இல் மக்கள் மீண்டும் கேட்டுக் கவுலைப் புதுப்பித்துக்கொண்டனர். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தது; பறவை ஆர்வலரும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2022இல் வேடந்தாங்கலும் அண்மையிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

நம் வழக்கில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. பிறர் பொருளைக் கெடாமல் காத்து ஒப்படைப்பது அது. பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியன்றும் வெடி வெடிக்காத அவ்வூரார்க்கு இச்சொல்லை விளக்க வேண்டிய தேவையே இல்லை. அன்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு மதுராந்தகத்தில் இறங்குங்கள். அக்கரையை அவர்கள் கால்கள் ஒருமுறை அறியட்டும். நாளை அதற்காகக் கேட்கவேண்டியவர்கள் அவர்களே.